மூப்பராக வரச் சொல்கிறார்கள். போதகரிடம் கணக்குக் கேட்கலாமா?

நெகேமியா_வாசல் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுடையது எந்தப் பெரிய அமைப்போடும் சேராத தனிச்சபை. போதகர் தன் வீட்டு முன்னறையில் சில குடும்பங்களோடு ஆரம்பித்து வளர்த்தது. இப்போது என்னை மூப்பராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். "என்ன பொறுப்பு?" என்று கேட்டேன். ஏற்கெனவே மூப்பராக இருக்கிற அண்ணன் ஒருவர், "பாஸ்டருக்குத் தோள் கொடுக்கணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார். வருடாந்தர வரவு செலவை எப்போது சபையில் வாசிப்பீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். காணிக்கையை எண்ணுவது பாஸ்டரம்மா, செலவு செய்வது பாஸ்டர். மூப்பர்கள் ஆராதனையில் பை பிடிப்பதோடு சரி.

பாஸ்டர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தபோது நடுராத்திரியில் வந்து விடியும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். தயாரிக்காமல் பிரசங்கபீடம் ஏறமாட்டார். எனக்குக் குழப்பமே அதனால்தான். இப்படிப்பட்டவரிடம் கணக்குக் கேட்பது அவமரியாதையா? ஆவிக்குரிய தலைவரின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதில் மூப்பரின் பங்கு என்ன?

ஜெபவீரன் எழுதியது:

ஜெபித்துவிட்டு முடிவெடுங்கள் பிரதர். எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

ஓய்ந்த_கணக்கர் எழுதியது:

தம்பி, நல்லவர் என்பதால்தான் கேட்க வேண்டும். மோசமானவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? அவர் அழகாகப் பொய்க்கணக்கு எழுதி நீட்டிவிடுவார். நல்லவரிடம் கேட்டால்தான் அவர் பெயருக்குக் காவல் கிடைக்கும்.

பவுலைப் பாருங்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காக மற்ற சபைகளில் பணம் திரட்டினார். 2 கொரிந்தியர் 8-ஐ எடுத்து வாசியுங்கள். தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். அதில் ஒருவர் பவுலாகப் பொறுக்கிய ஆள் இல்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆள். காரணத்தையும் அவரே சொல்கிறார்: இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும். யாரும் அவரைச் சந்தேகப்பட்டதாக அந்த இடத்தில் எழுதியில்லை. கேட்பதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டார். உங்கள் பாஸ்டர் பவுலைவிடப் பெரிய அப்போஸ்தலரா?

நடைமுறைக்கு வருகிறேன். எத்தனையோ சபைகளின் கணக்கைத் தணிக்கை செய்திருக்கிறேன். திருட்டு நான் நினைத்ததைவிடக் குறைவு. குழப்பம் நினைத்ததைவிட அதிகம். காணிக்கை கட்டிடத்தைவிட்டு வெளியே போகுமுன் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். எண்ணிய தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றோ அடுத்த வேலைநாளிலோ வங்கியில் கட்ட வேண்டும். காசோலையில் கையெழுத்திடுகிறவர் ஒருவர், வங்கி அறிக்கையை வாங்கிச் சரிபார்க்கிறவர் வேறொருவர். அவ்வளவுதான். இதற்கு ஆவிக்குரிய வரம் எதுவும் தேவையில்லை.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு உறை வருகிறது, மேலே பென்சிலில் "மிஷனரி குடும்பத்துக்கு" என்று ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். அந்த மாதம் ஒலிபெருக்கி பழுது, அவசரம். உறையைப் பிரித்துப் பொதுக்கணக்கில் போட்டு, ஒலிபெருக்கியை வாங்கிவிடுகிறார்கள். யாரும் ஒரு காசு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் அது தவறு. அந்தப் பாட்டி சபைக்குக் கொடுக்கவில்லை, சபை வழியாக வேறொருவருக்குக் கொடுத்தார். இதைப் போதகர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாம் தேவனுடைய பணம்தானே ஐயா" என்பார்கள். தேவனுடைய பணம் என்றால் இன்னும் ஒழுங்காக எழுத வேண்டாமா?

சீயோன்_காவலன் எழுதியது:

கணக்கர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சபை கம்பெனி இல்லை. இந்த இழையின் போக்கு எனக்குப் பயமாக இருக்கிறது. "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்" என்று எபிரேயர் 13:17 சொல்கிறது. மோசேக்கு எதிராகக் கோராகு பேசியதும் இதேபோலத்தான்: சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் ஏன் உங்களை உயர்த்துகிறீர்கள்? கேள்வி ஞாயமாகத்தான் தெரியும். முடிவு என்ன ஆனது? பூமி வாயைத் திறந்தது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தைக் கடந்து நாம் எதுவும் செய்ய முடியாது. தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைக்கூடத் தாவீது தொடவில்லை.

போதகர் தேவனுக்குக் கணக்குக் கொடுப்பார். நமக்கல்ல.

பெரோயா_வாசகி எழுதியது:

சீயோன்_காவலன் அண்ணா, நீங்கள் எடுத்த நான்கு இடங்களையும் கொஞ்சம் மேலும் கீழும் சேர்த்து வாசிப்போமா? கோபப்படாதீர்கள்.

"தொடாதிருங்கள்" சங்கீதம் 105:15. அதற்கு முந்தின வசனங்களில், கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, தேசத்துக்குத் தேசம் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறது. அவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று வருகிறது. ஆகக் கையில் அதிகாரம் இருக்கிறவனைப் பார்த்து, இல்லாதவனைத் தொடாதே என்று சொன்ன வார்த்தை அது. மேடையில் மைக்கோடு நிற்கிறவர் கீழே உட்கார்ந்திருக்கிற விதவையைப் பார்த்து அதைச் சொல்லும்போது தலைகீழாகிவிடுகிறது.

தாவீது சவுலைக் கொல்லவில்லை, உண்மை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. 1 சாமுவேல் 24-ல் குகையைவிட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக் காட்டி, இரண்டு பேருடைய ஆட்களும் இருக்கும்போதே சவுல் செய்கிற அநியாயத்தைச் சத்தமாகச் சொல்கிறான். பிற்பாடு தாவீதே ராஜாவானபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவன் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்றான். நாத்தான் அபிஷேகம் பெற்றவரைத் தொட்டுவிட்டானா?

கோராகுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம் அது. எண்ணாகமம் 16:15-ல் மோசே என்ன சொல்கிறார்? இவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுக்கவில்லை, ஒருவனுக்கும் பொல்லாப்புச் செய்யவில்லை என்கிறார். பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்ட நேரத்திலேயே மோசேயால் அந்தக் கணக்கைச் சொல்ல முடிந்தது. சாமுவேல் இன்னும் ஒரு படி மேலே போனார். 1 சாமுவேல் 12-ல் வயதான காலத்தில் ஜனங்கள் எல்லாரையும் கூட்டி, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், இங்கேயே சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். கேட்கப்படாமலே தன்னைத் தணிக்கைக்குக் கொடுத்தார்.

எபிரேயர் 13:17 முழுவதும் வாசித்தால், நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்குக் கொடுக்கிறவர்கள் என்பதால் விழித்திருக்கிறார்கள் என்று வருகிறது. கீழ்ப்படிதலும் கணக்கும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. முதல் பாதியை மட்டும் சுவரில் மாட்டிவைக்கிறோம்.

சீயோன்_காவலன் எழுதியது:

சகோதரி, கழுதை வசனத்தை நான் அப்படி யோசித்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1 தீமோத்தேயு 5:19-ஐ விட்டுவிட்டீர்கள். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் குற்றச்சாட்டை ஏற்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு குரல்பதிவால் ஒரு ஊழியக்காரருடைய குடும்பமே சபையைவிட்டுப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆறு மாதம் கழித்து அது வேறு ஆளுடைய குரல் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க ஒருவரும் வரவில்லை. கேள்வி கேட்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் என் வாதம்.

பெரோயா_வாசகி எழுதியது:

ஆமாம் அண்ணா, அது பெரிய பாவம். 19-ஆம் வசனம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தில் பாவம் செய்கிறவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. 22-ல் யார்மேலும் சீக்கிரமாகக் கைகளை வைக்காதே என்கிறது. மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன: அவசரப்பட்டுப் பதவி கொடுக்காதே, வதந்தியை நம்பாதே, நிரூபணமானால் மறைக்காதே.

குருமனை_மகள் எழுதியது:

எல்லாரும் போதகரிடம் என்ன கேட்கலாம் என்று பேசுகிறீர்கள். நான் போதகர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் அம்மா முதலில் மணியைப் பார்ப்பார். இரவு பதினொன்றுக்கு மேல் என்றால் சாவு, அல்லது புருஷன் பெண்டாட்டி சண்டை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காலையில் அடக்க ஆராதனை, சாயங்காலம் அதே மனிதர் பிறந்தநாள் ஜெபத்துக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். நடுவில் அழுவதற்கு நேரம் எங்கே? விடுமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. என் தலைமுடியை எப்படி வாரியிருக்கிறேன் என்பதற்குக்கூடச் சபையில் கருத்து இருந்தது.

பணத்தைப் பற்றிக் கணக்கர் ஐயா எழுதியது சரி. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அப்பாவுக்குச் சம்பளம் என்று எழுத்தில் எதுவும் கிடையாது. "கர்த்தர் சந்திப்பார்" என்பார்கள். குடியிருந்த வீடு சபையுடையது. ஓய்வூதியம் இல்லை. அறுபது வயதைத் தாண்டியதும், குரல் கட்டிப்போய் ஞாபகம் தடுமாறிய பிறகும், பொறுப்பை இளையவரிடம் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வெளியே இருந்து பார்த்தவர்கள் பதவி ஆசை என்றார்கள். எனக்குத் தெரியும், பிரசங்கபீடத்தைவிட்டு இறங்கினால் மறுநாள் அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பல ஊழியர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும், பிள்ளையையே அடுத்த போதகராக்கப் பார்ப்பதற்கும் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது. போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே, வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின அதே அதிகாரத்தில்தான் சாட்சிகளைப் பற்றிய வசனமும் இருக்கிறது.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடு என்றான். நெகேமியா அண்ணா, நீங்கள் மூப்பரானால் கணக்கைக் கேளுங்கள். கூடவே உங்கள் பாஸ்டர் கடைசியாக எப்போது குடும்பத்தோடு ஒரு நாள் சும்மா இருந்தார், அவர் மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பாஸ்டரம்மா காணிக்கையை எண்ணுவது அவருக்கும் பாரமாக இருக்கலாம். எங்கள் அம்மாவுக்கு இருந்தது.

ஓய்ந்த_கணக்கர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. சம்பளம் எழுத்தில் இல்லாத இடத்தில் எது சபைச் செலவு, எது வீட்டுச் செலவு என்று ஊழியருக்கே தெரியாது. வண்டிக்கு எண்ணெய், பிள்ளையின் கட்டணம், கூட்டத்துக்கு வந்த விருந்தாளியின் சாப்பாடு, எல்லாம் ஒரே பையிலிருந்து போகும். போதகரின் சம்பளத்தைப் போதகர் அல்லாதவர்கள் கூடி, குடும்பம் கௌரவமாக வாழும்படி நிர்ணயித்து, எழுதிவைக்க வேண்டும்.

1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதிலெல்லாம் விழுகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். நான்கு தேறின: பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைத் தாழ்த்திப் பேசுவது, கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது. அந்த நான்காவதைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கும் கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லும்போது பூஜ்யங்கள் தாராளமாக விழுகின்றன.

பங்குமக்களில்_ஒருவன் எழுதியது:

நான் கத்தோலிக்கன். பெரும்பாலும் இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். "எங்களைப் போலக் கட்டமைப்பு இருந்தால் இந்தப் பிரச்சினையே வராதே" என்று எழுதத்தான் முதலில் கை பரபரத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். பங்குத்தந்தைக்கு மேலே ஆயர் இருக்கிறார், மாற்றல் உண்டு, பங்கு யாருடைய குடும்பச் சொத்தாகவும் ஆவதில்லை.

ஆனால் கட்டமைப்பு மட்டும் போதும் என்றால் பாஸ்டன் நடந்திருக்காது. 2002-ல் அங்குள்ள செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்தது என்ன? சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பற்றி மேலே தெரிந்திருந்தும் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றினார்கள். எந்த மாற்றல் முறையை நான் பெருமையாகச் சொன்னேனோ, அதுவே மறைப்பதற்கு வசதியாக இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் பாஸ்டன் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். அதன்பின் 2019-ல்தான் திருத்தந்தை பிரான்சிஸ், இப்படிப்பட்ட செய்தி தெரியவந்தால் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று உலகம் முழுமைக்குமான சட்டமாக்கினார். ஆயர்கள் மீதான புகாரை எப்படி விசாரிப்பது என்பதும் அதில் வந்தது.

மேலே ஆள் இருப்பது முக்கியம்தான். மேலே இருக்கிறவர் யாரைக் காப்பாற்ற முந்துகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பேரீச்சமரத்தடி எழுதியது:

நல்லவேளை, யாராவது இதைத் தொடுவார்கள் என்று காத்திருந்தேன். நான் மனநல ஆலோசகர். சபைகளிலிருந்து வருகிறவர்களும் என்னிடம் பேசுவார்கள். யாரையும் அடையாளம் காட்டாமல் பொதுவாக எழுதுகிறேன்.

"நான் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள் பாஸ்டர்." இப்படித்தான் ஆரம்பிக்கும். இளகிய மனதுள்ள ஊழியர் உடனே சரி என்றுவிடுவார். அங்கேயே கட்டுண்டுவிடுகிறார். அடுத்து வருவது ஒரு குழந்தைக்கு வீட்டில் நடக்கிற கொடுமையாக இருக்கலாம். ஆகவே முன்கூட்டியே சொல்ல வேண்டிய பதில் இது: "நீங்கள் சொல்வதை ஊருக்குப் பரப்ப மாட்டேன். ஆனால் ஒரு உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன். அதையும் உங்களுக்குத் தெரிவித்துவிட்டே செய்வேன்." (கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தின் முத்திரை, அதாவது அங்கே கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்பது, வேறு விஷயம், அதை அந்தக் கத்தோலிக்கச் சகோதரர் விளக்கட்டும்.)

குழந்தை சம்பந்தப்பட்ட புகார் வந்தால் மூப்பர் குழு கூடி விசாரணை நடத்தக் கூடாது. காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்புத் துறையிடமோ அன்றைக்கே போக வேண்டும். பல நாடுகளில் இது சட்டக் கடமை. ஜெபக்குறிப்பாகவும் வைக்கக் கூடாது. குழந்தையின் பெயர் ஒரு மணி நேரத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும்.

மத்தேயு 18-ஐ வைத்துக்கொண்டு நடக்கிற கொடுமை ஒன்று உண்டு. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் தனித்துப் போய் உணர்த்து" என்று ஒரு இளம்பெண்ணை, தன்னிடம் அத்துமீறிய மனிதனிடமே தனியாக அனுப்புவது. அவர் அழுது மன்னிப்புக் கேட்பார். அவள் மன்னித்தேன் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். எல்லாரும் கைதட்டிப் பாட்டுப் பாடுவார்கள். அவர் அடுத்த வாரம் ஆராதனை நடத்துவார், அவள் அதற்கடுத்த வாரம் சபைக்கு வரமாட்டாள். அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில், இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று இயேசு சொன்னதை யாரும் அந்த நேரத்தில் வாசிப்பதில்லை.

ரவி சக்கரியாஸ் உலகமெங்கும் மதிக்கப்பட்ட கிறிஸ்தவப் பேச்சாளர். நம்மில் பலர் அவர் பேச்சைக் கேட்டு விசுவாசத்தில் உறுதிப்பட்டோம். 2017-ல் ஒரு பெண் குற்றம்சாட்டியபோது அவர் அமைப்பு அவர் பக்கமே நின்றது. 2020 மே மாதத்தில் அவர் இறந்தார். அமைப்பே நியமித்த சட்ட நிறுவனம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கை பல பெண்களிடம் நடந்த அத்துமீறல்களை உறுதிசெய்தது. நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அவருக்கு நிர்வாகக் குழு இல்லாமல் இல்லை. அறிவில்லாதவர்களும் அதில் இல்லை. அவரைக் கேள்வி கேட்க ஒருவருக்கும் மனமோ தைரியமோ வரவில்லை.

ஆகவே நெகேமியா, உங்களுக்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் பாஸ்டரிடம் "வேண்டாம், இது சரியில்லை" என்று கடைசியாகச் சொன்னவர் யார்? அவர் இன்னும் அந்தச் சபையில் இருக்கிறாரா?

தோமா_விரல் எழுதியது:

இதே வரிசையில் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரைக் கலியாணம் பண்ணுவது, மாத்திரையை நிறுத்துவதா, நிலத்தை விற்பதா என்பதெல்லாம் தீர்க்கதரிசனமாக வருகிறது. நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன், வரங்களை மறுப்பவன் இல்லை. தீர்க்கதரிசிகள் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 14:29-ல் இருக்கிறதே, அந்த இரண்டாம் பாதி எங்கே போயிற்று?

ஆதிச்சபை இதில் நம்மைவிட உஷார். டிடாக்கே என்ற பழைய போதனைச் சுவடி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்து, 1883-ல் அச்சேறியது. வந்துபோகிற ஊழியர் ஒருநாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசுவதாகச் சொல்லி எனக்குப் பணம் கொடு என்றால் காதில் போட்டுக்கொள்ளாதே. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குறைசொல்லாதே என்கிறது. அந்தக் காலத்திலேயே விருந்தாளி ஊழியர்களிடம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் உரிமை இல்லை. இதில் எனக்கு விவாதமே கிடையாது.

நிலாமுற்றம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பிற்பாடு மோசமான காரியத்தில் பிடிபட்டு ஊழியத்தைவிட்டே போய்விட்டார். அன்றைக்கு எனக்குள் நடந்ததெல்லாம் பொய்யா? மறுபடி எடுக்க வேண்டுமா? சிரிக்காதீர்கள், ராத்திரியில் இதை நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

பெரோயா_வாசகி எழுதியது:

யாரும் சிரிக்கமாட்டோம் தங்கை. இந்தக் கேள்விக்காக ஆப்பிரிக்கச் சபை நூறு வருடத்துக்கு மேல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 303-ல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் உபத்திரவம் தொடங்கியபோது சில ஆயர்கள் பயந்து வேதப்புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் குருப்பட்டமும் செல்லாது என்று பிரிந்தவர்கள் தொனாத்தியர்கள். அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் சொன்ன பதில்: ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து, மனிதன் கை வெறும் கை. யூதாஸ் கொடுத்திருந்தாலும் கொடுத்தது கிறிஸ்துதான். 411-ல் கார்த்தேஜில் இரண்டு தரப்பும் கூடி வாதாடி, தொனாத்தியர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதற்குப் பிறகு அவர்களை அரசு ஒடுக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை, அது தனிக்கதை.

நீங்கள் விசுவாசித்தது அந்த மனிதரை அல்ல. உங்களுடையது உங்களுடையதுதான். ஆனால் இதே போதனையை வைத்து "பாத்திரம் அழுக்கானாலும் தண்ணீர் சுத்தம், அவரை மேடையில் விடுங்கள்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். உங்கள் ஞானஸ்நானம் செல்லும் என்பதால் அவருக்கு ஊழியம் செய்யும் தகுதி திரும்பிவிடாது. 1 தீமோத்தேயு 3-ல் கண்காணிக்கு (சபையை மேற்பார்க்கிறவருக்கு) சொன்ன தகுதிகளை எண்ணிப் பாருங்கள். போதகசமர்த்தன் (போதிக்கத் தெரிந்தவன்) என்ற ஒன்றுதான் திறமை, மற்றதெல்லாம் அநேகமாகக் குணம்.

மூன்றாம்_தெரு_தாத்தா எழுதியது:

பணம், பாவம், தீர்க்கதரிசனம் எல்லாம் பேசிவிட்டீர்கள். வீட்டுச் சந்திப்பை யாரும் பேசவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடெர்மின்ஸ்டரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர், உதவியாளரோடு சேர்ந்து வாரத்தில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளையும் ஒதுக்கி, வாரம் பதினைந்து பதினாறு குடும்பங்களாகத் தன் பங்கின் எண்ணூறு குடும்பங்களையும் வருடத்தில் ஒரு தடவை உட்காரவைத்துப் பேசினார். பேரைச் சொல்லி, ஒவ்வொருவர் விசுவாசத்தையும் விசாரித்தார். எங்கள் போதகரை நான் யூடியூபில் பார்க்கிறேன். நன்றாகப் பேசுகிறார். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதமாகிறது, அவருக்குத் தெரியாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

சபை பெயர், ஊழியர் பெயர் குறிப்பிட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். குற்றம் நடந்திருந்தால் காவல்துறையிடம் போங்கள், இங்கே எழுதாதீர்கள்.

நெகேமியா_வாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசினேன். குருமனை_மகள் சொன்னதை முதலில் கேட்டேன்: ஐயா, நீங்கள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவீர்கள்? கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "என்னைப் படிப்பித்த ஐயா ஒருவர் இருந்தார், அவர் போய்விட்டார்" என்றார். அதற்கப்புறம் கணக்கைப் பற்றிப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எண்ணுவதற்கு இரண்டு பேர் போடலாம் என்று பாஸ்டரம்மாதான் முதலில் சொன்னார். சம்பளத்தை எழுதிவைப்பதில் அவருக்குச் சங்கடம், யோசிக்கிறேன் என்றார்.

அதிகமாக எதிர்த்தது பழைய மூப்பர் அண்ணன்தான். "நேற்று வந்தவன் பாஸ்டரைச் சந்தேகப்படுகிறான்" என்று இரண்டு வீட்டில் பேசியிருக்கிறார். பேரீச்சமரத்தடி அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: கடைசியாக "வேண்டாம்" என்று சொன்னவர் இப்போது வேறு சபைக்குப் போகிறார். அவரை விரட்டியது பாஸ்டர் இல்லை, சுற்றி இருந்தவர்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. நாளை அவரைப் போய்ப் பார்க்கப்போகிறேன்.

கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சபையின் வங்கிக் கணக்கு பாஸ்டரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. ஆரம்பத்தில் வேறு வழியில்லாமல் அப்படித் திறந்தாராம். நான் பொறுப்பேற்ற பிறகு மெதுவாக மாற்றலாமா, முன்னாலேயே மாற்றச் சொல்லவா?

ஓய்ந்த_கணக்கர் எழுதியது:

முன்னாலேயே. சபையைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதிலிருந்து தொடங்க வேண்டும், வங்கி அதைக் கேட்கும். பாஸ்டரிடம் சொல்லும்போது அவர் பக்கத்து நஷ்டத்தைச் சொல்லுங்கள்: அந்தப் பணம் சட்டப்படி அவருடைய வருமானமாகத் தெரியும், வரி அவர் தலையில் விழும், நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் வாரிசுக்கும் சபைக்கும் வழக்கு நடக்கும். இதையெல்லாம் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்கு மாறும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவுத்தாள் இருந்தால் பெயரை மறைத்துவிட்டுப் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.